லைல் பிராண்ட்வோல்டின் காசு ஆட்டங்கள்

லைல் பிராண்ட்வோல்டைக் கெட்டவர் என்று யாராவது சொன்னால் சண்டைக்கு முதல் ஆளாகப் போகிறவள் நான்தான். அவர்மேல் எனக்குத் தீராத கோபம் ஒன்று இருக்கிறது. அது வேறு விஷயம். எழுத்தில்தான் 'அவர்'. நேரில் நீ, வா, போ என்றுதான் பேசுவேன். அவரைவிட நான் ஆறு வயது மூத்தவள்.

என் பெயர் மார்லிஸ் க்யூல். ஹால்வோர் கல்லூரியின் விளையாட்டு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன். கடிதம் அடிப்பது, பஸ் ஏற்பாடு செய்வது, பையன்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கட்டுவது எல்லாம் நான். கூடைப்பந்து ஆட்டத்தன்று ஓரத்து மேசையில் உட்கார்ந்து ஸ்கோர் புத்தகம் எழுதுவதும் நான். நெப்ராஸ்காவில் எங்கள் ஊர் எங்கே இருக்கிறது என்று கேட்டால், ஒரு சோளக்காடு முடிந்து இன்னொரு சோளக்காடு தொடங்குவதற்குள் வந்து போய்விடும் என்பேன். கல்லூரியில் அறுநூறு பிள்ளைகள். அவ்வளவுதான் நாங்கள்.

லைல் இதே கல்லூரியில் படித்து, இதே ஜிம்மில் ஆடியவர். மேற்கே மணற்குன்றுப் பக்கம் மாடு வளர்க்கிற குடும்பம். ஆட்டக்காரராக ஒன்றும் பிரமாதமில்லை. நான்கு வருடத்தில் மொத்தமே தொண்ணூறு பாயிண்ட். பழைய புத்தகங்களை எடுத்து நானே கூட்டிப் பார்த்திருக்கிறேன். பிறகு ஊர் ஊராகப் பள்ளிக்கூடங்களில் பயிற்சி கொடுத்துவிட்டு முப்பத்தெட்டு வயதில் ஹால்வோருக்குத் திரும்பினார். கல்லூரிக்குச் சொந்தமான வீடு ஒன்றைக் கொடுத்தார்கள். மனைவி ஜோலீனுக்குக் கல்லூரிச் சமையலறையில் வேலை.

பயிற்சியாளர் என்பது பெயருக்குத்தான். காலையில் உடல்நல வகுப்பு எடுப்பார். மதியம் பேஸ்பால் மைதானத்துப் புல்லை வெட்டுவார். மாலையில் பயிற்சி. அது முடிந்ததும் பையன்களின் சட்டை, நிக்கரையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போய்த் தன் வீட்டு மெஷினில் துவைப்பார். கல்லூரி மெஷின் பழுதாகி நான்கு வருடம். புதிது வாங்கப் பணமில்லை. "எங்க வீட்டுத் துண்டுலகூட பன்னெண்டு பசங்களோட வேர்வ நாத்தம் மார்லிஸ். கல்யாணம் பண்ணும்போது எங்கம்மா இத சொல்லவே இல்ல" என்பாள் ஜோலீன்.

கோடை முழுக்க அவருக்கு டெலிஃபோன்தான் வேலை. எங்கள் கூட்டமைப்பில் இருக்கிற கல்லூரிகளோடு ஆடுகிற ஆட்டங்கள் தானாக அமைந்துவிடும். மீதி எட்டு ஒன்பது ஆட்டத்தை வெளியில் தேடிப் பிடிக்க வேண்டும். சொல்வதற்குச் சுலபம். நவம்பர் குளிரில் ஹால்வோருக்கு எவன் வருவான்? எங்களைவிட இளைத்தவர்கள் பஸ்ஸுக்குக் காசில்லை என்பார்கள். எங்களுக்குச் சமமானவர்கள், நீங்கள் இங்கே வாருங்கள், நாங்கள் அங்கே வரமாட்டோம் என்பார்கள். எங்களைவிடக் கொஞ்சம் வலுத்தவர்களோ, உங்களிடம் தோற்றால் எங்கள் மானம் போகும், ஆளை விடுங்கள் என்பார்கள். வாயில் சூரியகாந்தி விதையைப் போட்டு மென்றுகொண்டு லைல் ஒவ்வொருவரிடமும் கெஞ்சுவார். பெண்ணுக்கு வரன் தேடுகிற தகப்பனுக்குக்கூட அத்தனை ஃபோன் ஆகாது.

கடைசியில் வேண்டாம் என்று சொல்லாதவர்கள் பெரிய பல்கலைக்கழகங்கள் மட்டும்தான். அவர்களுக்குப் பன்னிரண்டாயிரம் பேர் உட்காருகிற அரங்கம் இருக்கிறது. டிக்கெட் வாங்கி வருகிற ஜனங்களுக்கு முன்னால் அடித்துத் துவைக்க யாராவது வேண்டும். வந்து அடி வாங்கிக்கொண்டு போங்கள், கூலி தருகிறோம் என்பார்கள். ஒரு ஆட்டத்துக்கு ஆறாயிரம், ஏழாயிரம் டாலர். அதற்கு எங்கள் அலுவலகத்தில் காசு ஆட்டம் என்று பெயர். எங்கள் பஸ்ஸுக்கு டீசல் போடுவதும், பெண்கள் அணிக்குக் காலணி வாங்குவதும் அந்தப் பணத்தில்தான்.

இதில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய பல்கலைக்கழகத்துக்கு அது நிஜ ஆட்டம். ஜெயித்தால் அவர்கள் கணக்கில் ஒரு வெற்றி ஏறும். எங்களுக்கு மட்டும் சலுகை. ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே சிறு கல்லூரிகளின் கணக்கை வைத்திருக்கிற எங்கள் சங்கத்துக்கு ஒரு படிவம் அனுப்பி, 'காட்சி ஆட்டம்' என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டால் அது எங்கள் கணக்கில் ஏறாது. தோல்வியும் ஏறாது, வெற்றியும் ஏறாது, பையன்கள் போடுகிற பாயிண்டும் ஏறாது. சிறு கல்லூரிக்காரர்கள் எல்லாருமே இப்படித்தான் செய்வார்கள். நாற்பது பாயிண்டில் தோற்கப் போகிற ஆட்டத்தை யார் கணக்கில் ஏற்றுவார்கள்? ஜெயித்துவிட்டால் அதுவும் ஏறாதே என்று யாரும் கவலைப்பட்டதில்லை. எங்கள் கல்லூரி ஆட ஆரம்பித்த தொண்ணூறு வருடத்தில் அப்படி நடந்ததே இல்லை.

லைலின் பத்தொன்பதாவது வருடத்தில் கல்லூரிக்குப் புதுத் தலைவர் வந்தார். கிராண்ட் ஓபெர்லி. விதைச்சோளக் கம்பெனி நடத்தி நல்ல பேர் எடுத்தவர். ஆகஸ்டில் லைலைக் கூப்பிட்டார். குறிப்பெடுக்க நானும் போயிருந்தேன்.

"பாருங்க லைல், போன வருஷம் ஒங்க டீமுக்குக் கொடுத்ததுல பாதிதான் இந்த வருஷம் தரமுடியும். மீதி இருபத்தஞ்சாயிரம் டாலர நீங்களே வெளியாட்டம் ஆடி கொண்டு வந்துடணும்."

"சரிங்க."

"இன்னொண்ணு. தோத்துக்கிட்டே இருக்கற டீம எவனும் பாக்க வரமாட்டான். சீசன் முடியும்போது தோல்விய விட வெற்றி ஒண்ணாவது கூட இருக்கணும். ரெண்டும் நடந்துச்சா, ஒங்க ஒப்பந்தம் மூணு வருஷத்துக்கு. இல்லேன்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேன். கோவிச்சுக்கக் கூடாது, இது வியாபாரம்."

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. பணம் வேண்டுமென்றால் பெரியவர்களோடு ஆடித் தோற்க வேண்டும். வெற்றி வேண்டுமென்றால் அவர்கள் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது. வெளியே வந்ததும் நான் இதையே சொல்லிக் கத்தினேன். லைல் கத்தவில்லை. ஒரு கவரின் பின்பக்கத்தில் எழுதிக் கணக்குப் போட்டார். நாலு காசு ஆட்டம், மொத்தம் இருபத்தைந்தாயிரம். நாலுக்கும் டிக். மீதி ஆட்டங்களில் பாதிக்கு மேல் ஜெயித்தால் பிழைத்தோம்.

"முடியலேன்னா?" என்றேன்.

"முடியலேன்னா வீட்ட காலி பண்ணணும். அம்பத்தேழு வயசுல எவன் என்ன கூப்பிடுவான்? ஜோலீனக் கூட்டிக்கிட்டு எங்கண்ணன் மாட்டுக் கொட்டாய்க்குப் போகவேண்டியதுதான்" என்றார். மழை வருமா என்று கேட்டால் எப்படிப் பதில் சொல்வாரோ அப்படிச் சொன்னார்.

நவம்பரில் முதல் காசு ஆட்டம். இது கணக்கில் ஏறாது, பயப்படாமல் ஆடுங்கள் என்று பையன்களிடம் நல்ல எண்ணத்தில் சொல்லிவிட்டார். பயப்படாமல்தான் ஆடினார்கள். ஒருவன் பந்தைக் காலுக்கிடையில் விட்டு வேடிக்கை காட்டினான். இன்னொருவன் கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்தான். ஐம்பத்திரண்டு பாயிண்டில் தோற்றோம். மறுநாள் அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து ஃபோன். "நாங்க ஒரு டீமுக்குத்தான காசு கொடுத்தோம், கோமாளிக் கூட்டத்துக்கா?" என்று ஒரு ஆள் என் காதில் கத்தினான். பணம் வந்து சேர ஆறு வாரம் ஆயிற்று.

டிசம்பரில் இன்னும் இரண்டு முடிந்தன. நாலாவது ஆட்டத்துக்குக் கிளம்புகிற அன்று பனிப்புயல் வந்து நெடுஞ்சாலையையே மூடிவிட்டார்கள். ஆட்டமும் போச்சு, ஆறாயிரமும் போச்சு. உள்ளதும் போச்சுடா நொள்ளைக்கண்ணா என்று நான் அலுவலகத்தில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பனியைத் திட்டினேன்.

கணக்கில் ஏறுகிற ஆட்டங்களில் பையன்கள் நன்றாகத்தான் ஆடினார்கள். அதற்குக் காரணம் கேப்டன் ஜார்விஸ் டாலிவர். கான்சஸ் சிட்டிப் பையன், கடைசி வருடம். என்னை 'மிஸ் மார்லிஸ்' என்றுதான் கூப்பிடுவான். பொட்டலத்தில் சாண்ட்விச் ஒன்று குறைந்தால் தன்னுடையதைச் சின்னவனுக்குக் கொடுத்துவிட்டு, பசிக்கவில்லை என்று பொய் சொல்வான். ஏறியும் இறங்கியும் பிப்ரவரி மூன்றாவது செவ்வாய்க்கிழமை கூட்டமைப்பின் கடைசி ஆட்டத்தை ஒரே ஒரு கூடையில் ஜெயித்தோம். பதினைந்து வெற்றி, பதினாலு தோல்வி. அடுத்த சுற்றுக்குத் தகுதி இல்லை. சீசன் முடிந்துவிட்டது. மீசை கிடைத்தது, கூழில்தான் ஆறாயிரம் குறை.

புதன்கிழமை காலை ஃபோன் அடித்தது. பக்கத்து மாநிலத்துப் பெரிய பல்கலைக்கழகம். சனிக்கிழமை அவர்களோடு ஆட வேண்டிய அணியில் பாதிப் பேருக்கு வாந்திபேதியாம். டிக்கெட் எல்லாம் விற்றாகிவிட்டது, மதியம் ஒரு மணிக்கு வந்து ஆட முடியுமா, எட்டாயிரம் டாலர் தருகிறோம் என்றார்கள். ஒரு மணி நேரத்தில் பதில் சொல்கிறேன் என்று லைல் ஃபோனை வைத்தார். எனக்குச் சந்தோஷத்தில் கண்ணீரே வந்துவிட்டது. கூப்பிட்டு விசாரித்ததில் ஒரு பையன்கூட வரமாட்டேன் என்று சொல்லவில்லை. சட்டைகளை மடித்து வைத்திருந்த பெட்டியை மறுபடி திறந்தோம்.

வியாழக்கிழமை காலை படிவத்தோடு என் மேசைக்கு வந்தார். எங்கள் சங்கம் அப்போதும் ஃபேக்ஸை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. கட்டத்தில் ஏற்கெனவே டிக் போட்டிருந்தார்.

"இத அனுப்பிடுங்க மார்லிஸ்."

"ஜார்விஸுக்கு இன்னும் பதினெட்டு பாயிண்ட்தான் பாக்கி, தெரியுமில்ல?"

எங்கள் ஜிம் சுவரில் ஒரு பலகை உண்டு. ஹால்வோருக்காக ஆயிரம் பாயிண்ட் போட்டவர்களின் பெயர்கள் அதில் இருக்கும். தொண்ணூறு வருடத்தில் பதினோரு பெயர். ஜார்விஸ் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டில் நின்றிருந்தான்.

"தெரியும்" என்றார் லைல்.

"தெரிஞ்சுமா டிக் போடற?"

"அவனுக்கு எதிர்ல நிக்கப் போறவன் ஆறடி எட்டங்குலம். அவன தாண்டி பதினெட்டா? எப்படியும் கெடைக்காத பதினெட்டுக்காக நான் வீட்ட எழக்கணுமா? கணக்குல ஏத்துனா பதினஞ்சுக்கு பதினஞ்சு. ஓபெர்லி அன்னைக்கே வாசலக் காட்டிடுவாரு."

"சரி, பசங்ககிட்டயாவது சொல்லிடு."

"சொன்னா நவம்பர் மாதிரி கூத்தடிப்பாங்க. அந்த ஆளுங்க பணத்த நிறுத்திட்டா? ஆட்டம் முடியட்டும், நானே சொல்றேன்."

அவர் போட்ட கணக்கில் ஒரு பிழையும் இல்லை. இன்றைக்குப் போட்டுப் பார்த்தாலும் சரியாகத்தான் வரும். நான் தாளை மெஷினுக்குள் விட்டேன். அது என் கையால்தான் போயிற்று. அதை நான் யார் தலையிலும் கட்டப் போவதில்லை.

அன்று மாலை ஜிம்முக்குத் தண்ணீர் பாட்டில் கொண்டு போனேன். பையன்களை வட்டமாக உட்காரவைத்து லைல் பேசிக்கொண்டிருந்தார்.

"இவங்கள நம்மால ஜெயிக்க முடியும். நான் சும்மா சொல்லல. போன ரெண்டு ஆட்டத்தையும் ஒக்காந்து பாத்துட்டேன். பந்து கைமாறினதும் திரும்பி ஓடறதுக்கு சோம்பேறித்தனம் படறானுங்க. நீங்க ஓடுங்க. நாப்பது நிமிஷமும் ஓடுங்க. அவனுங்களுக்கு மூச்சு வாங்கும்போது நீங்க கூட ரெண்டு அடி ஓடுங்க. ஜார்விஸ், ஒன்ன காவல் காக்கறவன் ஒசரம், ஆனா குனியமாட்டான். தாழ்வா போ. நம்மால முடியும்டா!"

மனிதர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. எனக்கே ஒரு நிமிடம் உண்மையாகத் தோன்றியது. பையன்கள் எழுந்து, பைத்தியம் பிடித்ததுபோல ஓடினார்கள். காப்பி எடுக்க வந்தவரை, "நெசமாவே அப்படி நெனக்கிறியா?" என்று கேட்டேன்.

"பசங்க ஓடணுமில்ல" என்றார்.

சனிக்கிழமை அந்தப் பெரிய அரங்கில் எதிரணிக்காரர்கள் சிரித்துப் பேசிக்கொண்டுதான் இறங்கினார்கள். அவர்களுடைய முதல்தர ஆட்டக்காரர்கள் இரண்டு பேர் பெஞ்சில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் பையன்கள் ஓடினார்கள். லைல் சொன்னது அத்தனையும் சரி. அந்த ஆட்கள் திரும்பி ஓடவில்லை. பாதி நேரத்தில் மூன்று பாயிண்ட்தான் பின்தங்கியிருந்தோம். துண்டு போர்த்தியவர்கள் அவசரமாக இறங்கினார்கள். மேசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர்களுடைய ஸ்கோர்காரர், "யாரும்மா அந்தப் பையன்? எறும்பு மாதிரி எங்க பாத்தாலும் இருக்கான்!" என்றார். ஜார்விஸ் உயரக்காரனின் கைக்குக் கீழே புகுந்து புகுந்து போய்க்கொண்டிருந்தான்.

அவனுடைய பதினெட்டாவது பாயிண்ட் விழுந்தபோது எங்கள் பெஞ்சிலிருந்த பையன்கள் எழுந்து குதித்தார்கள். அவர்களும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். நான் புத்தகத்தில் எழுதினேன். லைலைப் பார்த்தேன், அவர் என் பக்கம் திரும்பவில்லை.

ஆனைக்கும் அடி சறுக்கும். எழுபத்தொன்று, அறுபத்தெட்டு. எங்களுக்கு எழுபத்தொன்று.

பையன்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கிடந்தார்கள். ஜார்விஸ் தலையில் யாரோ தண்ணீரைக் கொட்டிவிட்டார்கள். சொட்டச் சொட்ட என் மேசைக்கு ஓடி வந்தான்.

"மிஸ் மார்லிஸ், நான் எத்தன?"

"இருபத்திமூணுப்பா."

"அப்ப ஆயிரத்து அஞ்சு! நல்லா பெரிய எழுத்துல எழுதுங்க மிஸ் மார்லிஸ்! எங்கம்மாவுக்கு அந்தப் பக்கத்த ஒரு ஃபோட்டோ எடுத்துக்கறேன்."

ஃபோட்டோ எடுத்துக்கொண்டான். நான் புத்தகத்தை அவன் பக்கம் திருப்பி, நேராகப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்திருக்க வேண்டும் என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. எதிரணிப் பயிற்சியாளர் வந்து லைலின் கையைக் குலுக்கினார். "காசு கொடுத்து ஒத வாங்கிட்டோம். இனிமே ஒங்க நம்பர் பக்கமே போகமாட்டேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் சொன்னபடியே செய்தார்.

பஸ் கிளம்பியது. பின்னால் ஒரே பாட்டு. லைல் முதல் இருக்கை, நான் அவருக்குப் பின்னால்.

"சொல்லு" என்றேன்.

"இப்ப வேணாம் மார்லிஸ். பாருங்க, எவ்ளோ சந்தோஷமா இருக்காங்க."

வழியில் சாப்பிட நிறுத்தினோம். பீன்ஸ் போட்ட மாட்டிறைச்சிக் குழம்பும், பட்டைத்தூள் தூவிய இனிப்பு ரொட்டியான சினமன் ரோலும். விஷயம் கேள்விப்பட்ட கடைக்காரர் பையன்களுக்கு ரோல் இனாம் என்றார். அங்கேயும், "சொல்லித் தொலையேன்" என்றேன். "நாளைக்கு" என்றார்.

ஊருக்கு நாலு மைல் முன்னால் சிவப்பு விளக்கு தெரிந்தது. பெரிய வெற்றி பெற்று வருகிற அணியை எங்கள் ஊர்த் தீயணைப்பு வண்டி நெடுஞ்சாலையிலேயே வந்து எதிர்கொண்டு, சங்கு ஊதிக்கொண்டு முன்னால் போகும். அது எங்கள் பக்கத்து வழக்கம். பள்ளிக்கூடப் பையன்களுக்கு இரண்டு மூன்று தடவை நடந்திருக்கிறது. கல்லூரிக்கு அதுவரை நடந்ததில்லை. ஜனங்கள் அந்தக் குளிரில் வாசலில் நின்று கையசைத்தார்கள். பையன்கள் ஜன்னல் கண்ணாடியைத் தட்டிக் கூச்சல் போட்டார்கள். லைல் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார். அடக்கமான மனுஷன் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாதிரியார் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு, "நம்ம பசங்க எழுந்து நில்லுங்க" என்றார். பன்னிரண்டு பேரும் எழுந்தார்கள். சபை கைதட்டியது. லூத்தரன் கோயிலில் கைதட்டல் என்பது என் அறுபத்துமூன்று வயதில் அது மூன்றாவது தடவை. லைல் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். ஆராதனை முடிந்து எல்லாரும் காப்பிக்காகக் கீழ்த்தளத்துக்கு இறங்கியபோது அவரைக் காணவில்லை. பின்வாசல் வழியாகப் போய்விட்டாராம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நானே பையன்களிடம் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அது அவர் வாயால் வரவேண்டிய வார்த்தை என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

திங்கட்கிழமை எட்டேகால் மணிக்கு ஓபெர்லி தானே எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒப்பந்தம், மூன்று வருடத்துக்கு.

"சொன்னா சொன்னபடி லைல். இருபத்தஞ்சு கேட்டேன், இருபத்தேழு கொண்டு வந்துட்டீங்க. பதினஞ்சுக்கு பதினாலு. அதுக்கு மேல ஒரு போனஸ் வேற! சனிக்கெழமையிலேர்ந்து என் ஃபோன் ஓயல" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார். லைல் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு எதிரில் நின்றார். பத்தொன்பது வருடத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததில்லை. ஜோலீன் எங்கும் போகவேண்டாம். அதை நினைத்து எனக்கும் மனசு லேசாகத்தான் இருந்தது. பொய் சொல்லமாட்டேன்.

அப்போது ஜார்விஸ் உள்ளே வந்தான். கையில் ஃபோன்.

"மிஸ் மார்லிஸ், சங்கத்து வெப்சைட்ல தப்பா போட்டுருக்காங்க. பதினஞ்சு-பதினாலுன்னே இருக்கு. எனக்கும் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டுதான் காட்டுது. ஒரு ஃபோன் பண்ணி சொல்றீங்களா?"

நான் லைலைப் பார்த்தேன். அவர் ஒப்பந்தத்தை மேசைமேல் வைத்தார்.

"தப்பா போடல ஜார்விஸ். அது காட்சி ஆட்டம். நாந்தான் டிக் போட்டு அனுப்புனேன்."

ஜார்விஸ் ஃபோனிலிருந்து நிமிர்ந்தான்.

"எப்ப அனுப்புனீங்க?"

"வியாழக்கெழம காலைல."

"சாயங்காலம் எங்ககிட்ட பேசுனீங்களே, அதுக்கு முன்னாடியா?"

"முன்னாடிதான்."

பிறகு லைல் எல்லாவற்றையும் சொன்னார். ஓபெர்லியின் இரண்டு நிபந்தனை, பனியில் போன ஆறாயிரம், பதினைந்துக்குப் பதினைந்து ஆனால் என்ன ஆகும் என்பது, வீடு, ஜோலீன். ஒன்றையும் மறைக்கவில்லை. மறைப்பதற்கு இனிமேல் என்ன இருக்கிறது? ஜார்விஸ் குறுக்கே பேசாமல் கேட்டான். நல்ல வீட்டில் வளர்ந்த பிள்ளை.

"வீடு போயிருக்குமா கோச்?"

"போயிருக்கும்."

"சரி. அது புரியுது கோச். எங்கப்பாவா இருந்தாலும் அததான் பண்ணியிருப்பாரு." பிறகு கேட்டான். "நாங்க தோத்துடுவோம்னு நெனச்சீங்களா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லிவிடு என்று நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

"ஆமா" என்றார் லைல்.

"நீங்க சொன்னத நாங்க நம்பிட்டோம் கோச்."

குரலில் கோபம் இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எவ்வளவோ தேவலை. ஃபோனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, ஒன்பது மணிக்கு வகுப்பு இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனான். எனக்கு மட்டும், "வரேன் மிஸ் மார்லிஸ்" என்று தனியாகச் சொன்னான். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான்.

நான் அழுதேன். லைல் அழவில்லை. மத்தியானம் மற்ற பையன்களைக் கூப்பிட்டு அவரே சொன்னார். ஒருவனும் எதிர்த்துப் பேசவில்லையாம். மூன்று மணிக்கு என் பேனாவை வாங்கி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன்.

ஜார்விஸ் மே மாதம் பட்டம் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான். பலகையில் இன்னும் பதினோரு பெயர்தான். லைல் இன்றைக்கும் எங்கள் பயிற்சியாளர். கோடையில் ஃபோனும், மாலையில் அழுக்குச் சட்டை மூட்டையுமாகத்தான் இருக்கிறார். படிவத்தில் டிக் போடுவதா வேண்டாமா என்று இப்போதெல்லாம் பையன்களையே கேட்கிறார். பெரும்பாலும் போடச் சொல்கிறார்கள், போடுகிறார். ஆட்டத்துக்கு முன்னால் அவர்களை உட்காரவைத்துப் பேசுகிறார். எதிரணி எங்கே வலுவாக இருக்கும், எங்கே ஓட்டை, யார் யாரைப் பார்த்துக்கொள்வது எல்லாம் சொல்கிறார். நம்மால் ஜெயிக்க முடியும் என்று மட்டும் சொல்வதில்லை. சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொள்வதை நான் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன்.